மருமோன்ர காளான் லாம்பு

மருமோன், நீர் வட்ஸ்அப்பில அனுப்பின படம் கிடைச்சது. கண்ணாடி போடாமல் பார்த்தபடியால், ஆரோ சிரட்டைப் புட்டை அவிச்சு மறந்துபோய் வைச்சு, அது பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கெண்டுதான் நினைச்சன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் லாம்பாம். காளானில வளர்த்த லாம்பு மூடியாம். ஒஸ்லோவின்ர ஸ்தொவ்னரில எடுத்த புது வீட்டில, சாப்பாட்டு மேசைக்கு மேல தூங்கப்போகுதாம். விலையை மட்டும் நீர் எழுதேல்லை. உம்மட மனிசி மாமிக்குச் சொல்லி, மாமி எனக்குச் சொல்லி, நான் ஒரு தேத்தண்ணி குடிச்சுத்தான் ஆறினன்.

வாங்கும். நான் மறிக்கேல்லை. தாய்மாமன் மறிச்சு நிண்ட மருமோன் எந்தக் காலத்தில இருந்தவன்? ஆனால் என்னத்தை வாங்கிறீர் எண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கும். நீர் கொம்பியூற்றர் படிச்ச பிள்ளை. நான் புகையிலைக்குத் தண்ணி இறைச்சிட்டு வந்து, வட நோர்வேயில பின்மார்க்கில மீன் வெட்டினவன். எண்டாலும் பென்சன் எடுத்த பிறகு பியோர்விக்காவில இருக்கிற டைக்மன் நூலகத்துக்குத்தான் போய் இருக்கிறனான். சூடு சும்மா, கதிரை சும்மா, புத்தகமும் சும்மா. இந்த மூண்டும் ஒண்டாச் சும்மா கிடைக்கிற இடம் ஒஸ்லோவில வேற இல்லை. அம்மருட் கோயில் முருகன் கோவிச்சுக்கொள்ளக் கூடாது. அங்க குந்தியிருந்து வாசிச்சதையும் தோட்டத்தில கண்டதையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

காளான் எண்டு நாங்கள் புடுங்கிக் கறி வைக்கிறது, வித்துப் பரப்ப மேல வாற பாகம் மட்டும். ஆள் இருக்கிறது கீழ. மண்ணுக்குள்ள, உக்கல் மரத்துக்குள்ள, நூலிலும் மெல்லிய வெள்ளை இழையா ஓடிக்கொண்டிருக்கும். அதைத்தான் மைசீலியம் எண்டினம். மரத்தூள், வைக்கல், சணல் தண்டு எண்டு அகப்பட்டதைத் திண்டுகொண்டு போற வழியில, அந்தத் துகளையெல்லாம் ஒண்டோட ஒண்டு கட்டிப்போடும். பசையும் வேண்டாம், பிளாஸ்ரிக்கும் வேண்டாம். எந்த அச்சில அடைச்சு வைக்கிறீரோ அந்த வடிவில இறுகும்.

உதைக் காசாக்கினது ஒரு தோட்டக்காரன்ர பெடியன்தான். அமெரிக்காவில வெர்மொன்ற் பக்கம், ஏபன் பேயர் எண்டு பேர். மேப்பிள் பாணி காய்ச்சிற அடுப்புக்கு மரச்சில்லு அள்ளிப் போடுறது அவற்ற சின்ன வயசு வேலை. குவிச்சு வைச்ச சில்லெல்லாம் வெள்ளை இழையால பிணைஞ்சு கட்டியாக் கிடக்கும். அவருக்கு முன்னம் எத்தினை பேர் அதைக் கண்டு, சவளால குத்தி உடைச்சு, வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கொண்டு போயிருப்பினம். இவர் கொஞ்சம் நிண்டு யோசிச்சார். படிக்கிற இடத்தில சந்திச்ச கவின் மக்கின்ரயரோட சேர்ந்து 2007இல எக்கோவேற்றிவ் எண்ட கொம்பனியைத் துவங்கினார். 2011இல டெல் கொம்பனி தன்ர கொம்பியூற்றர் பொதியில, உடைஞ்சால் வீடெல்லாம் பறக்கிற அந்த வெள்ளை நுரைக்குப் பதிலா உதை வைக்கத் துவங்கிச்சு.

பெட்டிக்குள்ள கிடந்தது பேந்து முகட்டுக்கு ஏறிச்சு. நியூயோர்க்கில டானியேல் துரோஃப் எண்டவ அதில லாம்பு செய்தா. 2017இல லண்டனில செபாஸ்ரியன் கொக்சும் நினெலா இவனோவாவும் மரச்சீவலில காளான் ஏத்தி லாம்பும் முக்காலியும் காட்டினவை. எங்களுக்குக் கிட்ட எண்டால் கோப்பன்ஹேகனில யோனாஸ் எட்வார்ட், அங்கால எஸ்தோனியாவில மைசீன். நேற்றுப் பெய்த மழைக்கு இண்டைக்கு முளைச்ச காளான் எண்டு ஆரையும் நக்கலடிக்கிற காலம் போட்டுது, மருமோன். இப்ப முளைச்சால் அதுக்கு ஒரு கண்காட்சி வைக்கினம்.

இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். இருட்டில அது தானா மினுங்கும் எண்டு உம்மட மனிசி மாமிக்குச் சொன்னாவாம். மருமோன், அது மினுங்காது. உம்மட லாம்பு போறணையில வைச்சுக் காய்ச்சிச் சாக்கொண்ட காளான். செத்தது ஒருநாளும் மினுங்காது. வெளிச்சம் வாறது உள்ளுக்குப் பூட்டுற பல்பில இருந்து. மனிசிக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லும். விருந்தாளியளைக் கூப்பிட்டு லைற்றை நூத்துப்போட்டு எல்லாரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிற நிலைமை வரக்கூடாது.

மினுங்கிற காளான் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. இந்த நாட்டுக் காட்டிலயே ஹொன்னிங்சொப் எண்டு ஒரு தேன்நிறக் காளான் இருக்கு. அதின்ர இழை ஓடின உக்கல் மரம் ஈரமா இருந்தால் இரவில பச்சை நிறமா மெல்ல ஒளிரும். ஒலவுஸ் மக்னுஸ் எண்ட சுவீடன்காரப் பேராயர் 1555இல ரோமில ஒரு பெரிய புத்தகம் அச்சடிச்சவர், வடக்குச் சனம் எப்பிடி வாழுது எண்டு. நீண்ட இரவில காட்டுக்குள்ள போறவை, உக்கின ஓக் மரப்பட்டையை இடைக்கிடை வழியில வைச்சிட்டுப் போவினமாம். திரும்பி வரேக்க அந்த மினுக்கம் பாதை காட்டுமாம். மாதம் முடிய பில் வராத தெருவிளக்கு.

அதுக்குப் பிறகு அமெரிக்காவில ஒரு கூத்து நடந்தது. 1775இல டேவிட் புஷ்னெல் எண்டவர் ஒரே ஒரு ஆள் உள்ளுக்கிருந்து ஓட்டுற நீர்மூழ்கி ஒண்டு கட்டினார். ஆமை எண்டு பேர். உள்ளுக்கு மெழுகுதிரி கொளுத்தினால் ஆள் மூச்சுவிடுற காத்தை அது திண்டுபோடும். அதால திசைகாட்டியிலயும் ஆழம் பார்க்கிற கருவியிலயும் மினுங்கிற உக்கல் மரத்தை ஒட்டி வைச்சார். கெட்டித்தனம்தான். குளிர்காலம் வந்து பனி விழுந்திச்சு. மினுக்கம் முழுக்க நிண்டுபோச்சு. குளிர் பட்டால் அது ஒளிராது எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. வெளிச்சம் தேவைப்படுற மாதத்தில மட்டும் வேலை செய்யாத விளக்கு, ஒஸ்லோவுக்கு நல்ல தோதுதான். வீட்டுக்குள்ள சூடு கிடக்கே எண்டு கேப்பீர். கிடக்கு. ஈரமும் உக்கலும் கூட வேணும். கறிச்சட்டிக்கு மேல உக்கல் கட்டையைத் தூக்கிப்போட்டு நாலுபேரைச் சாப்பிடக் கூப்பிடும், நானும் வாறன்.

இந்தியாவில மேகாலயாப் பக்கம் ஒரு காளானுக்கு 2020இல விஞ்ஞானிகள் புதுசாப் பேர் வைச்சவை. செத்த மூங்கிலில முளைக்கும், தண்டு பச்சையா ஒளிரும். பேர் வைக்க முதலே அங்கத்தைச் சனம் அந்த மூங்கில் தடியை எடுத்து, இரவில கையில பிடிச்சுக்கொண்டு காட்டுப்பாதையில நடந்துகொண்டுதான் இருந்தது. எங்கட ஊரில ஓலைச்சூள் பிடிச்சுக்கொண்டு நடந்தமே, அந்த வேலைதான். வித்தியாசம் என்னெண்டால், சூளால காலைச் சுட்டவை கனபேர். காளான் ஆரையும் சுடாது.

சரி, மினுக்கத்தை விடும். இந்த நாட்டுக்காரரிட்டக் காளான் லாம்பு எண்டு சொல்லேக்க அவையின்ர முகத்தைக் கவனிச்சனீரோ? வீடெல்லாம் மரவீடு. ஹூஸ்சொப் எண்டு ஒரு காளான் இருக்கு. அந்தப் பேரைக் கேட்டால் பியர் குடிச்சுக்கொண்டிருக்கிற கிழவனும் கிளாசைக் கீழ வைச்சிடுவான். ஈரம் கண்ட ஒரு மூலையில துவங்கி, தனக்கு வேண்டிய தண்ணியைத் தானே இழைக்குள்ளால இழுத்துக்கொண்டு, சுவரின்ர செங்கல் இடுக்குக்குள்ளால போய், மற்றப் பக்கத்துத் தீராந்தியைத் திண்டுபோட்டுத்தான் நிக்கும். வெளியில பார்த்தால் பெயின்ற் பளபளக்கும். விரலால குத்தினால் விரல் உள்ளுக்குப் போகும். அதுக்குப் பயந்து காளானுக்கும் உக்கலுக்கும் எண்டே காப்புறுதி வாங்கி வைச்சிருக்கிற சனம் இது. வீட்டுக்குள்ள காளான் வராமல் இருக்க ஒரு காசு, வீட்டுக்குள்ள காளான் வர ஒரு காசு. இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில கட்டப்போற முதல் ஆள் எங்கட குடும்பத்தில நீர்தான்.

இதில எனக்குப் பிடிச்ச இடம் ஒண்டு இருக்கு. ஒஸ்லோ பல்கலைக்கழகத்து ஹோவார்ட் கௌசெருட் எண்டவரும் கூட்டாளியளும் அந்த ஹூஸ்சொப்பின்ர மரபணுவை ஆராய்ஞ்சு 2007இல எழுதினவை. அது எங்கத்தை ஆள் தெரியுமோ? ஆசியாவாம். அங்க இருந்துதான் உலகம் முழுக்கப் பரவினதாம். நாங்கள் பாஸ்போட், விசாரணை, கைரேகை, மொழிச்சோதனை எண்டு எத்தினை படி ஏறினனாங்கள். அதிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நேர வந்து தீராந்தியில குடியேறி, குடும்பத்தையும் கூப்பிட்டுப்போட்டுது.

ஆனபடியால் ஒரு புத்தி சொல்லுறன். உந்த லாம்பை நானே வளக்கப்போறன் எண்டு வெளிக்கிட்டு, உங்கட பொரெத்ஸ்லாக்கின்ர, அதுதான் வீட்டுக் கூட்டுறவின்ர, நிலவறையில, சாமான் போடுற அறைக்குள்ள வாளியை ஒளிச்சு வைக்காதையும். வசந்தத்தில டுக்நாட் எண்ட சிரமதானம் வரும். எல்லாரும் விளக்குமாறும் கையுமா இறங்குவினம். ஆராவது ஒருத்தர் பலகை இடுக்குக்குள்ளால பார்ப்பார். வெள்ளையா ஒண்டு வளர்ந்து நிக்கும். அண்டு பின்னேரமே நிர்வாகக் குழு கூடும். நீர் நோர்ஸ்க் மொழியில எவ்வளவு கெட்டிக்காரன் எண்டாலும், 'இது வேற சாதிக் காளான், காய்ச்சினால் செத்துப்போம், வீட்டு மரத்தில தொத்தாது' எண்டதை அந்தக் கூட்டத்தில விளங்கப்படுத்தி முடிக்க இரவு பத்தாகும். சொல்லுறது உண்மைதான். உண்மையைக் கேக்கிற மனநிலையில அவை இருக்க மாட்டினம்.

பேந்து, வெளிச்சத்தைப் பற்றி யோசிச்சனீரோ? அந்த மூடி தடிப்பு. கடதாசிக் கூட்டுக்குள்ளாலயும் கண்ணாடிக்குள்ளாலயும் வெளிச்சம் கசியும். இதுக்குள்ளால ஒரு பொட்டும் வராது. கீழ மட்டும்தான் விழும். குன்றிலிட்ட விளக்கு, குடத்திலிட்ட விளக்கு எண்டு மூத்தவை இரண்டு சொல்லி வைச்சவை. நீர் காசு குடுத்து வாங்கிறது இரண்டாவது. ஒரு நன்மை இருக்கு: கோப்பையில கிடக்கிற கணவாய்க் கறி வடிவாத் தெரியும், சுத்தியிருக்கிற ஆக்களின்ர முகம் தெரியாது. உம்மட வீட்டுக்கு வாற சில சொந்தக்காரரை நினைச்சுப் பார்த்தால் அது பெரிய உபகாரம்.

இனிப் பூமி. பூமியைக் காப்பாத்தத்தானே வாங்கிறீர். கொஞ்சம் கணக்குப் பார்ப்பம்.

மார்கழியில பகல் ஆகக் குறைஞ்ச நாளில ஒஸ்லோவில சூரியன் ஆறு மணித்தியாலம் கூட நிக்கிறதில்லை. நான் முதல் வந்து இறங்கின பின்மார்க்கில கிட்டத்தட்ட இரண்டு மாதம் எட்டியும் பார்க்காது. அதாலதான் இந்தச் சனத்துக்கு விளக்கில இவ்வளவு பக்தி. வட கோடியில கிடக்கிற ஹம்மர்ஃபெஸ்ற்றில 1891இலயே தெருவுக்கு மின்விளக்குப் போட்டிட்டினம். எங்கட அப்புவின்ர அப்பு அந்த நேரம் இலுப்பெண்ணெய் விளக்கில கணக்கு எழுதிக்கொண்டு இருந்திருப்பார். இங்கத்தைக் கரண்டில பத்தில ஒன்பது பங்கு மலையில இருந்து விழுற தண்ணி தாறது. அதால புகை குறைவு. புகை குறைவு எண்டபடியால், நூக்கிற பழக்கமும் குறைவு.

நீர் அந்த மூடிக்குள்ள 8 வாட் எல்ஈடி பல்பு பூட்டி ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் எரிச்சால் என்ன போகும்? 0.08 யூனிற். நீர் விடியப்பறம் பாட்டுப் போட்டுக்கொண்டு பத்து நிமிசம் சுடுதண்ணியில நிக்கிறீரே, அதுக்குப் போறது கிட்டத்தட்ட 4 யூனிற். அந்த ஒரு குளிப்பில உம்மட லாம்பு ஐம்பது நாள் எரியும். இந்த நாட்டு வீடுகளில கரண்டைத் திண்டு தீர்க்கிறது சூடும் சுடுதண்ணியும். விளக்குத் தின்னுறது பருக்கை. அந்தப் பருக்கையையும் சின்னதாக்கினது காளான் இல்லை. முந்தி 60 வாட்டில எரிஞ்ச வெளிச்சத்தை 8 வாட்டில தாற மாதிரிச் செய்தது எல்ஈடி. நீல எல்ஈடியைக் கண்டுபிடிச்சதுக்கு அகசாக்கி, அமானோ, நகமுரா எண்ட மூண்டு பேருக்கு 2014இல நோபல் பரிசு குடுத்தவை. வேலை செய்யிறவன் உள்ளுக்கு ஒளிச்சிருக்க, மேல இருக்கிற தொப்பிக்குப் படம் எடுத்துப் போடுறியள்.

2021 முடிவில கரண்ட் விலை ஏறினது ஞாபகம் இருக்கோ? அரசாங்கம் உதவிக் காசு தந்து தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. அந்த மாரி முழுக்க, விலை குறையிற நேரம் பார்த்துச் சாமத்தில எழும்பி உடுப்புத் தோய்ச்சனியள். அண்டைக்கு உங்கட வீட்டில அறைக்கு அறை சுவிச்சை நூக்கிற ஆள் இருந்தது. இப்ப பாரும், யன்னலுக்கு யன்னல் லாம்பு. நத்தாருக்கு முன்னம் தூக்கின அட்வென்ற் நட்சத்திரம் தை பிறந்தும் தொங்குது.

உம்மட அம்மா, எங்கட கடைக்குட்டி, ஏ.எல். படிச்ச விளக்கை உமக்கு ஆராவது சொல்லியிருக்கினமோ? அது சண்டைக் காலம். 1990இல இருந்து வருசக்கணக்கா யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல் கிடந்தது. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றறிக்குத் தடை. களவா வாற மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில, பிறகு அதிலும் குறைஞ்ச கணக்கில வாங்கிச்சினம். அரிக்கன் லாம்பு எரிச்சுக் கட்டாது. அப்பத்தான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. ஆர் கண்டுபிடிச்சது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, பரிசும் குடுக்கேல்லை. ஜாம் முடிஞ்ச போத்தல் ஒண்டு. அடியில கொஞ்சப் பஞ்சு. அந்தப் பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். திரி சின்னக் கம்பியில நிக்கும், அடி பஞ்சில படும், நுனி போத்தலுக்குள்ளேயே எரியும். காத்து அடிச்சாலும் சுடர் ஆடாது. கொப்பியை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்தால் இரண்டு வரி தெரியும். மூண்டாவது வரிக்குக் கொப்பியைத் தள்ள வேணும். விடிய எழும்பினால் மூக்குத் துவாரத்துக்குள்ள கரி. ஆச்சி சாம்பலும் பழந்துணியும் கொண்டு போத்தலைத் துடைச்சுக் கவிட்டு வைப்பா, பின்னேரத்துக்கு. அந்தப் போத்தலைக் கையால விழுத்தி உடைச்ச பிள்ளைக்குக் கிடைச்ச அடி, சோதினையில குண்டடிச்ச பிள்ளைக்குக் கூடக் கிடைக்கேல்லை.

அந்த விளக்குக்கு நான் கோயில் கட்டச் சொல்லேல்லை. கண் எரியும், தலை இடிக்கும், கவிண்டால் பாய் எரியும். இல்லாமையைப் புகழ்ந்து எழுதுறவனை நம்பாதையும். அவன் எல்ஈடி வெளிச்சத்தில இருந்துதான் எழுதுவான். நான் சொல்லுறது கணக்கை மட்டும். உம்மட அம்மாவுக்கு எத்தினை பக்கத்துக்கு எவ்வளவு எண்ணெய் போகும் எண்டு தெரியும். கடைசிப் பக்கம் முடியேக்க திரியும் நூந்திருக்கும். நீர் ஆருமில்லாத அறையில மூண்டு லாம்பை எரியவிட்டிட்டு, நாலாவது லாம்பு எதில செய்தது எண்டு ஆராயிறீர்.

இன்னொரு வழி இருக்கு, அது உமக்குப் பிடியாது. ஃப்ரெதெக்ஸ் கடைக்குப் போம். செத்த வீட்டுச் சாமானெல்லாம் அங்கதான் வந்து சேரும். மூலையில ஒரு மேசை லாம்பு கிடக்கும், நீண்ட இரும்புக் கை, சுருள்வில், தலையை எங்க திருப்பி விட்டாலும் அங்கயே நிக்கும். லக்ஸோ எண்டு பேர். ஒஸ்லோவைச் சேர்ந்த யாக் யாக்கொப்சன், இங்கிலாந்தில ஒருத்தர் கண்டுபிடிச்ச வில்லுக்கைக்கு உரிமை வாங்கி, 1937இல எல்-1 எண்டு செய்துவிட்ட லாம்பு. கோடிக்கணக்கில வித்தது. உங்கட பிள்ளையள் பார்க்கிற பிக்ஸார் படங்களுக்கு முன்னால ஒரு சின்ன லாம்பு துள்ளித் துள்ளி வந்து ஒரு எழுத்தை மிதிச்சு நசிக்குமே, அந்தக் குட்டியின்ர பிறப்பு 1986இல வந்த 'லக்ஸோ ஜூனியர்' எண்ட குறும்படம். பேர் எங்க இருந்து வந்ததெண்டு கேக்கவே தேவையில்லை. இரும்பு உருக்க நெருப்புப் போனது உண்மை. ஆனால் அந்த நெருப்புப் போய் எத்தினை காலம். தாத்தா வாசிச்ச லாம்பில பேரன் வாசிக்கிறான். அதில ஒரு எல்ஈடி பல்பைப் பூட்டினால், உம்மட காளான் மூடியை விடப் பூமிக்கு நல்லது செய்த ஆள் நீர். படம் எடுத்துப் போட்டால் ஒருத்தரும் லைக் போடாயினம், அது ஒண்டுதான் குறை.

இவ்வளவும் சொன்ன பிறகும் உமக்கு ஆசை விடேல்லை எண்டு எனக்குத் தெரியும். உம்மட அம்மாவின்ர பிடிவாதம். அப்ப கடையில வாங்காமல் பயிராச் செய்யும். பயிரெண்டால் எனக்கும் சொல்ல வாய் இருக்கு.

நல்ல மரத்தூள் பாரும். பெயின்ற் பட்ட பலகை, பசை போட்ட பலகை வேண்டாம். சணல் தண்டு கிடைச்சால் இன்னும் திறம். தண்ணியில நனைச்சு, ஆவியில நல்லா அவியும். அதில ஏற்கனவே குடியிருக்கிற பூஞ்சணம் சாக வேணும். ஆறவிடும். சூட்டோட காளான் வித்தைக் கலந்தால் வித்தும் அவிஞ்சுபோம். அவசரக்காரன் எல்லாரும் பிழைவிடுற இடம் அது. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, சிப்பிக் காளான் வித்தைப் பிசைஞ்சு, இரண்டு கிண்ணத்துக்கு நடுவில அமத்தி அடைஞ்சு, மேல மூடி, மூச்சுவிடச் சின்னத் துளை வைச்சு, இருட்டில விடும். இருபது, இருபத்தைஞ்சு பாகைச் சூடு வேணும். உங்கட குளியலறைத் தரைதான் மாரியிலயும் சூடாக் கிடக்கே, அங்க வையும். பூமியைக் காப்பாத்தத் தரைச் சூட்டைக் கூட்டி வைக்காட்டிச் சரி. ஒரு கிழமை, பத்து நாளில முழுக்க வெள்ளையாகும். பச்சையா, கறுப்பா ஒரு பொட்டுக் கண்டால் இரங்காமல் எறியும். அது வேற ஆள் வந்திட்டார். வெள்ளையானதைக் கிண்ணத்தால எடுத்து இன்னும் சில நாள் விட்டால் வெளியில தோல் பிடிக்கும். பேந்து போறணையில மெல்லிய சூட்டில சில மணித்தியாலம் காய்ச்சும். மனிசி வீட்டில இல்லாத நாளாப் பாரும், மணம் வரும்.

காய்ச்சப் பஞ்சிப்பட்டு அப்பிடியே தூக்கினீரோ, ஈரம் கிடைச்சால் அது குடை விரிக்கும். விருந்தாளியளுக்கு வேடிக்கை. ஆனால் சிப்பிக் காளான்ர வித்துத் தூள் வீட்டுக்குள்ள பறந்தால் சிலருக்கு மூச்சிழுக்கும்; மாமிக்கு ஏற்கனவே இழுப்பு. உதில புத்திசாலித்தனம் காட்டினது கோப்பன்ஹேகன் யோனாஸ் எட்வார்ட்தான். 2013இல மைக்ஸ் எண்டு ஒரு லாம்பு செய்தவர். சணல் நாரில சிப்பிக் காளானை வளர்த்து, முளைச்ச காளானை முதல்ல பறிச்சுச் சாப்பாட்டுக்கு எடுத்திட்டு, மிஞ்சின இழைப் படலைக் காயவைச்சு லாம்பாக்கினார். கறியும் ஆச்சு, விளக்கும் ஆச்சு. அந்தாளை எங்கட ஊருக்கு அனுப்பினால் ஆச்சி பக்கத்தில இருத்திச் சோறு போட்டிருப்பா. காட்டில பொறுக்கின காளானை மட்டும் உதுக்குப் பாவிச்சுக் கறி வைக்காதையும். அதைத் தின்னவெண்டால் ஆவணி, புரட்டாதியில சொங்ஸ்வான் ஏரிக்கரைக்குக் கொண்டுபோம்; காளான் அறிஞ்ச ஆக்கள் இருந்து, சனம் கொண்டுவாற கூடையைப் பார்த்து நல்லது எது, நஞ்சு எது எண்டு சும்மா பிரிச்சுத் தருவினம். உம்மட லாம்பையும் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டும், அவைக்கும் ஒரு பொழுதுபோக்கு.

பளபளப்பாக்க வேணும் எண்டு வார்னிஷ் மட்டும் அடிக்காதையும். உந்த மூடியின்ர முழுப் புண்ணியமும் அது உக்கிறதிலதான் கிடக்கு. பூச்சுப் பூசாமல் நொருக்கி மண்ணில போட்டால் ஏறத்தாழ 45 நாளில உக்கிப்போம் எண்டு எக்கோவேற்றிவ்காரர் தங்கட பொதிப் பெட்டிக்குச் சொல்லுற கணக்கு. பிளாஸ்ரிக் பூச்சு அடிச்சால் அது உக்காது, உக்காததைக் காளான் எண்டு சொல்லிக் கூடக் காசு வாங்கினவன் சிரிப்பான். ஊத்தை பிடிச்சுக் கழிச்சுவிட்டால் ஒஸ்லோ மாநகரசபையின்ர பச்சைப் பையில போடாதையும். அது சாப்பாட்டுக் கழிவுக்கு மட்டும். கோடையில பல்கனிச் சாடிக்குள்ள நொருக்கிப் போட்டு, அதில ஒரு மிளகாய்க் கன்று வையும்.

சமையல் அடுப்புக்கும் குளியலறைக்கும் கிட்டத் தூக்காதையும், ஆவி பட்டால் ஊறும். பழைய சூட்டுப் பல்பு வேண்டாம், எல்ஈடி மட்டும். வயரும் ஹோல்டரும் சிஈ அடையாளம் போட்டதா வாங்கும், அதில மிச்சம் பிடிக்காதையும். சொருகுற லாம்பெண்டால் நீரே சொருகும். முகட்டு வயரில கை வைக்கிற வேலையெண்டால் பதிவுபெற்ற எலெக்றீசியனைக் கூப்பிடும். இங்க சட்டம் அப்பிடி.